ஒரு பெருமூச்சின் சந்தை விலை

ஒரு பெருமூச்சின் விலை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். ஏறலாம், இறங்கலாம், சராசரி அதுதான். இந்த விலையைக் கண்டுபிடித்தது பரம்பரை வியாபாரி எவரும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்துவிடும் ஒரு சின்னச் சங்கத்தில் பாட்காஸ்ட் பதிவு செய்ய வந்த பெண். அவளுடைய மடிக்கணினித் திரையில் நன்கொடை வரவைக் காட்டும் ஒரு கோடு படுத்தபடியே போய்க்கொண்டிருந்தது; நான்காவது நிமிடத்தில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தட்டி, "இங்கதான் அண்ணே நீங்க பெருமூச்சு விட்டீங்க" என்றாள்.

பட்டன்காரர் எட்டிப் பார்த்தார். அவருடைய ரத்தம் ஒரு குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய் இன்னொரு குழாய் வழியே கைக்குத் திரும்பிக்கொண்டிருந்ததால், அதற்கு மேல் எட்ட வழியில்லை.

"மூச்சு விட்டதுக்கா பணம் வந்துச்சு?"

"சும்மா மூச்சுக்கு வரல. பெருமூச்சுக்கு."

"அதுக்கு முன்னாடி ஒரு ஜோக் சொன்னேனே, அது?"

"அதுக்குச் சிரிச்சிருப்பாங்க. சிரிக்கிறவங்க யாரும் பர்ஸைத் தொறக்கறதில்ல அண்ணே."

"அப்ப ஜோக்கு கொசுறு. சரக்கு வேற" என்றார் பட்டன்காரர். இருபத்திரண்டு வருடமாகப் பட்டன், ஜிப், ஊக்கு, எலாஸ்டிக் என்று விற்றவருக்குத் தன்னிடம் இப்படி ஒரு சரக்கு இருப்பது தெரியாமலே போயிருந்தது.

ஒரு டஜன் பட்டன் வாங்க வந்த தையற்காரரை ஒரு பெட்டி பட்டனும் இரண்டு முழம் லைனிங் துணியும் வாங்க வைத்து அனுப்புகிற வாய் அவருக்கு. சிறுநீரகம் இரண்டும் கடையைச் சாத்திவிட்ட பிறகும் வாய் மட்டும் திறந்தே இருந்தது. வாரத்துக்கு மூன்று முறை, நாலு நாலு மணி நேரம், சங்கத்தின் நான்காம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஊசி குத்த வரும் நர்ஸிடம் "ரெண்டு குத்துக்கு ஒண்ணு தள்ளுபடி பண்ணும்மா" என்று பேரம் பேசுவார். பக்கத்து நாற்காலிக்காரர் விடாமல் புலம்பினால், வாய்க்கு ஏற்ற ஜிப் நிறத்துக்கு ஒன்று கடையில் இருப்பதாகச் சொல்வார். ஒலிப்பதிவுக்காரி ஒரு நாள் அந்த வாய்க்கு முன்னால் போனை வைத்தாள். 'நான்காம் நாற்காலி' பிறந்தது.

வாரம் இரண்டு பேச்சு, பத்துப் பத்து நிமிடம். நல்ல போன் உள்ளவர்கள் சங்கத்தின் ஆப்பில் கேட்பார்கள். பழைய பட்டன் போன் உள்ளவர்கள் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், போன் திரும்ப வந்து பேச்சைக் காதில் ஓட்டும். பேச்சுக்குக் கீழே ஒரு பச்சைக் கட்டம். அதை அமுக்கினால் மாதாமாதம் ஒரு சிறு தொகை தானாகச் சங்கத்துக்குப் போய்விடும். பட்டன் போன்காரர்கள் எண் ஒன்றை அமுக்கினால் அவர்கள் ரீசார்ஜ் பணத்திலிருந்து கழியும். அப்படி அமுக்கியவர்களுக்குச் சங்கம் வைத்த பெயர் 'தோள்'. நாற்பது தோள் சேர்ந்தால் ஒருவருக்கு வாரம் ஒரு முறை ரத்தம் சுத்தமாகும். நோயாளிகள் பதினொரு பேர், ஆளுக்கு மூன்று முறை, ஆக வாரம் முப்பத்து மூன்று. பட்டன்காரர் பேசத் தொடங்கிய ஒன்றரை வருடத்தில் தோள்கள் ஆயிரத்து முந்நூற்று இருபது. முப்பத்து மூன்றால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம், மீதி வராது.

இப்படிக் கணக்கு இம்மி பிசகாமல் நேராகும்போது வியாபாரி இன்னொரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். பட்டன்காரர் பார்க்கவில்லை. காரணம், அந்தச் சமயத்தில் அவர் மனைவி தன் சிறுநீரகம் ஒன்றைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

சோதனை, சோதனை மேல் சோதனை, பொருந்துகிறது என்ற தாள், ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்து எட்டாம் நாள் சங்கத்தின் செயலாளரம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, வாசலோரமாக ஒரு நாற்காலி இழுத்து உட்கார்ந்தார். பேங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேனா மூடியைத் தொலைத்தவனைக்கூட மன்னிக்காத சுபாவம்.

"ஒரு சிக்கல்" என்றார். "தோள் அத்தனையும் உங்க பேர்ல இருக்கு."

"என் பேர்ல இருந்தா என்னங்கம்மா? பணம் எல்லாருக்கும்தானே போகுது?"

"போகுது. ஆனா உங்க கேஸ் முடிஞ்சதுன்னு நான் கம்ப்யூட்டர்ல ஏத்துன உடனே, உங்க பேர்ல இருக்கிற தோள் எல்லாம் தானா நின்னுடும். ஆயிரத்து முந்நூத்து இருபதும்."

"அப்படி எவன் ஆப்பு செஞ்சான்?"

செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் செய்யச் சொன்னேன். முடிஞ்ச கணக்குல ஒருத்தர்கிட்டயும் ஒரு காசு பிடிக்கக் கூடாதுன்னு."

ஆப்பு செய்தவன் 'யார் பேருக்கு' என்று ஒரு கேள்வியையும் வைத்திருந்தான். பதினொரு பேர் பட்டியல் இருந்தும் வந்தவர்கள் எல்லாரும் நான்காம் நாற்காலியையே தொட்டிருக்கிறார்கள். மற்ற பத்துப் பேரை அவர்களுக்குத் தெரியாதே. தெருவில் பத்துக் கடை இருந்தாலும் கூவுகிறவன் கடையில்தானே கூட்டம்.

"வேற பேருக்கு மாத்துங்க."

"ஒவ்வொருத்தரும் சம்மதம் அமுக்கணும். நீங்க பேச வர்றதுக்கு முன்னாடி ஒரு அம்மா வேற ஊருக்குப் போயிட்டாங்க. அவங்க பேர்ல இருநூறு தோள். எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினோம். அமுக்கினது இருபத்து மூணு பேர். அதுலயும் ரெண்டு பேர் கை தவறி அமுக்கினதாம், அடுத்த நாளே சண்டைக்கு வந்தாங்க."

பட்டன்காரர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். நூற்றைம்பது தோள் தேறும். நாலு முறைகூட வராது. பதினொரு பேருக்கு வாரம் நாலு முறை என்றால் அது வைத்தியம் இல்லை, குலுக்கல்.

"என்ன செய்யணும்ங்கறீங்க?"

"நான் பொய் சொல்லச் சொல்லல. கொஞ்ச நாள் சொல்லாம இருக்கச் சொல்றேன்."

"ரெண்டுக்கும் என்னங்கம்மா வித்தியாசம்?"

"பேங்க்ல அதுக்கு நிலுவைன்னு பேரு" என்றார் செயலாளரம்மா. சொன்னவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகக்கவசத்துக்கு மேலேயே தெரிந்தது.

வேறு ஒருவரைப் பேசப் பழக்கிவிட்டு, தோள்களை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்துவதுதான் திட்டம். நான்காம் நாற்காலியில் இப்போது அவருக்குப் பதிலாகச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போனை வைத்தார்கள். "வணக்கம். நல்லா இருக்கேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாற்காலியில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தை விளக்கி, கடைசியில் மூன்று கேள்வியும் கேட்டார். கோடு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. ஆக, பழைய சரக்கே கதி.

முன்கூட்டிப் பதிவு செய்து வைத்திருந்த பேச்சு ஆறு வாரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு பட்டன்காரர் அலமாரிக்குள் போனார்.

உவமைக்காகச் சொல்லவில்லை. அவருக்குக் கூட்டமுள்ள இடம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வீட்டிலேயே பதிவு. வீட்டில் தெருச்சத்தம் கேட்காத இடம், படுக்கையறையில் மனைவியின் துணி தொங்கும் மர அலமாரி ஒன்றுதான். கீழ்த் தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியைப் போட்டார்கள். புதன், சனி காலையில் அவர் உள்ளே போய் உட்காருவார். ஒலிப்பதிவுக்காரி போனை ஒரு ஹேங்கரில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துவாள். இருட்டில், புடவைகளுக்கு நடுவே, நல்ல ஆரோக்கியமான ஒரு மனிதர் நோயாளியாகப் பேசுவார். இயந்திரம் ஓடுகிற சத்தத்தை அவள் பிறகு சேர்த்துக்கொள்வாள்.

முதல் நாளே சரக்கில் குறை தெரிந்தது.

"அண்ணே, இது பெருமூச்சு இல்ல. ஏப்பம் மாதிரி இருக்கு."

"நல்லா சாப்பிட்டேன்மா."

"இன்னொண்ணு விடுங்க."

விட்டார்.

"இது கொட்டாவி."

உடம்பு தேறத் தேற மூச்சு தேய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் அவள் பழைய பேச்சுகளிலிருந்து பெருமூச்சுகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கோப்பில் சேர்த்தாள். மொத்தம் அறுபத்தொன்று. சுற்று முறையில் பயன்படுத்தினாள். எந்த வாரம் எது போனது என்று குறித்துக்கொண்டு, பட்டன்காரர் கடையில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவது போலவே.

அலமாரிக்குள் தாகமெடுக்கும். ஒன்றரை வருடம் நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று நாக்கில் தடவிக் குடித்தவர் இப்போது மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை பேச்சின் நடுவே பழக்கத்தில் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டார். அந்தச் சத்தத்தை வெட்ட அவள் மறந்துவிட்டாள். திங்கட்கிழமை சங்கத்துக்குப் பதினேழு குரல் செய்தி வந்திருந்தது. எல்லாம் ஒரே பாட்டு: "அவர் தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டுச்சுங்க. அவருக்கு அவ்வளவு ஆகாதே. யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க." ஒரு பெண் அழுதிருந்தாள்.

ஏமாற்றிவிட்டாய் என்று யாராவது கத்தியிருந்தால் பட்டன்காரருக்கு வாயிருந்தது, பதில் சொல்லியிருப்பார். அக்கறைக்குப் பதில் சொல்ல அந்த வாயால் ஆகவில்லை. அந்தப் பதினேழையும் கேட்ட பிறகு, அடுத்த பதிவுக்குப் பாட்டிலை அலமாரிக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்.

கடைக்கும் போக முடியாது. பேச்சில் கடையைப் பற்றி ஆயிரம் முறை சொல்லிவிட்டதால் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மனைவியின் தம்பிதான் கடையைப் பார்த்துக்கொண்டான். நல்ல பையன் என்று சொல்ல வயதில்லை, முப்பத்தெட்டு; ஆனால் நாலு கண் பட்டனை இரண்டு கண் விலைக்குக் கொடுக்கிறவன்.

"அத்தான், இன்னிக்கு ஒம்பது பேர் உங்களப் பாக்க வந்தாங்க" என்பான் மாலையில்.

"ஏதாவது வாங்கினாங்களா?"

"கேக்க மனசு வரல. எல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாங்க."

"கண்ணத் தொடைக்கிறவனுக்குக் கைக்குட்டைத் துணி வித்திருக்கணும் மாப்ள" என்று சொல்லிவிட்டு பட்டன்காரர் ஜன்னல் திரையைச் சற்று இழுத்துவிட்டுக்கொள்வார். கீழே தெருவில் வெயிலில் ஜனங்கள் தங்கள் சொந்த உடம்போடு நடந்து போவார்கள். இவருக்கு உடம்பு வந்துவிட்டது, வெளியே எடுக்கத்தான் அனுமதி இல்லை.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விலாவில் தையல் இருந்ததால் பக்கவாட்டில் சாய்ந்தே உட்காருவாள். சாதாரணமாகவே அளந்து பேசுகிறவள்; கணவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. ஒரு நாள் மதியம் அவள் போனிலிருந்து அவர் குரல் வந்தது.

"நீங்க தோள் கொடுத்ததுக்கு நன்றி. நீங்க இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல. இந்த உடம்புல ஓடுற ஒவ்வொரு சொட்டும் உங்களுக்குக் கடன்பட்டது."

புதுத் தோள் சேர்ந்தால் தானாகப் போகும் நன்றிச் செய்தி அது. எப்போதோ பதிவு செய்தது.

"நீ எதுக்கு அதக் கேக்கிற?" என்றார்.

"எனக்கு வந்தது. பச்சைக் கட்டத்த அமுக்கினேன்."

"பைத்தியமா உனக்கு? நம்ம காசு நமக்கேவா?"

"கிட்னி குடுத்தேன், ஒரு வார்த்தை வரல. அம்பது குடுத்தேன், உடனே வந்துடுச்சு. பரவால்ல, மலிவுதான்."

அந்த ஒரு வார்த்தை பட்டன்காரர் மனசில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது சொல்ல நினைத்தார், அப்போது மயக்கம். வீட்டுக்கு வந்ததும் சொல்ல நினைத்தார். அதற்குள் அந்தச் சிறுநீரகம் இல்லை என்று வாரம் இரண்டு முறை பேசும்படி ஆகிவிட்டது. இல்லாத பொருளுக்கு எப்படி நன்றி சொல்வது?

"நான் குடுத்தத வாங்கி உள்ள வச்சுக்கிட்டு, ஊர் முழுக்க இன்னும் வரலைன்னு சொல்லிட்டு இருக்கீங்க. அதுவும் என் அலமாரிக்குள்ள உக்காந்து" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விலைப்பட்டியல் வாசிக்கிறவள் போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் அவர் அலமாரிக்குள் போனார். பதினொரு பேர் முகம் கண் முன்னால் நின்றது. போகாமலிருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டேதான் போனார், ஆனாலும் போனார்.

வழியைக் காட்டியது, அல்லது வேறு வழியெல்லாம் அடைத்தது, ஒரு காகிதம். மைத்துனன் ஒரு மாலை அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒரு போன் எண், ஒரு ரத்த வகை, கீழே நாலு வரி.

"யார் குடுத்தது?"

"ஒரு வாட்ச்மேன், அத்தான். பஞ்சு மில்லுல காவல் காக்கிறவராம். பட்டன் போன்லதான் உங்களக் கேப்பாராம். உங்க ரத்தமும் அவர் ரத்தமும் ஒரே வகைன்னு பேச்சுல கேட்டாராம். தன்னோட ஒரு கிட்னிய உங்களுக்குத் தரேங்கறார். பிள்ளைங்க பெரிசாயிடுச்சாம், கடமை இல்லையாம். காசு வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னார்."

மனைவி எழுந்து வந்து, காகிதத்தை வாங்கிப் படித்து, அவர் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? ஸ்டாக் இருக்குன்னா?"

மறுநாள் காலை பட்டன்காரர் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் முறையாக, செயலாளரம்மாவின் மேசைக்கு எதிரே போய் நின்றார். மேசை டயாலிசிஸ் அறைக்கு வெளியே வராந்தாவில் இருந்தது. கதவு திறந்திருந்ததால் நான்காம் நாற்காலியிலிருந்து லாரி ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிடப் போறேன்" என்றார் பட்டன்காரர்.

"இருநூறுல இருபத்து மூணு" என்றார் செயலாளரம்மா.

"அது நோட்டீஸு. நோட்டீஸப் பாத்து எவனும் பொருள் வாங்கினதில்லம்மா. நானே என் வாயால சொல்றேன். பத்து நாள் அவகாசம் குடுங்க. சம்மதத்துல யார் பேரும் வேண்டாம், 'பதினொரு பேர்'னு மட்டும் போடுங்க. பத்து நாள் கழிச்சு என் கேஸ முடிங்க."

"பதினஞ்சு நாள் எடுத்துக்கோங்க."

"வேண்டாம். சந்தையில அவகாசம் ஜாஸ்தி குடுத்தா வாங்கறவன் வீட்டுக்குப் போயிடுவான். பத்து."

"பதினொரு பேர் உயிரு. நீங்க பேரம் பேசறீங்க."

"வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா."

செயலாளரம்மா பேனாவை மூடி, திறந்து, மூடினார். "ஆபரேஷன மறைக்கச் சொன்னது நான்தான்னு சேத்துச் சொல்லிடுங்க" என்றார். "உங்க மேல மட்டும் பழி வேண்டாம்."

உள்ளேயிருந்து லாரி ஓட்டுநர் கூப்பிட்டார். "பட்டன், இங்க வா."

போனார்.

"நீ உண்மையச் சொன்னா என் வண்டி நிக்கலாம். அதுக்காக உன்னப் பொய் சொல்லுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"சரிண்ணே."

"இருந்தாலும் சொல்லாதேன்னு ஒரு வார்த்த சொல்லி வைக்கிறேன். நாளைக்கு நான் சொல்லலைன்னு இருக்கக் கூடாது பாரு."

அடுத்த பதிவு கூடத்தில், சாப்பாட்டு மேசையில், ஜன்னலைத் திறந்து வைத்து நடந்தது. தெருவில் ஒருவன் இரும்புக் கதவை வெல்டிங் செய்துகொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லட்டுமா என்று ஒலிப்பதிவுக்காரி கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். மனைவி எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். பேசமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நாலாம் நாற்காலிக்காரன் பேசறேன்" என்று தொடங்கினார். "நாற்காலிய விட்டு எந்திரிச்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்ககிட்டச் சொல்லல. எனக்குக் கிட்னி கிடைச்சாச்சு. நீங்க போன வாரம் கேட்டது அலமாரிக்குள்ளேருந்து பேசினது. பெருமூச்சு பழசு. இயந்திரச் சத்தம் ஒட்டுப் போட்டது. தண்ணி குடிச்ச சத்தம் மட்டும்தான் நிஜம்."

செயலாளரம்மாவைப் பற்றிச் சொன்னார். முடிந்த கணக்கில் காசு பிடிக்கக் கூடாது என்ற அவருடைய விதியைச் சொன்னார். பதினொரு பேரைப் பற்றிச் சொன்னார். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவரை, மூன்று கேள்வி கேட்ட வாத்தியாரை. பிறகு, "கிட்னி குடுத்தது என் சம்சாரம்" என்று சொல்லி நின்றார்.

வெல்டிங் சத்தம் வந்து போனது.

"எந்தப் பொருளக் காட்டினாலும் கண்ணால எடை போட்டு விலை சொல்றவன் நான். இதுக்கு விலை என்னன்னு பாத்துப் பாத்து, சொல்ல வேண்டிய வார்த்தையையும் சொல்லாம..."

"போதும், விஷயத்துக்கு வாங்க" என்றாள் மனைவி, பீன்ஸிலிருந்து தலை தூக்காமல்.

ஒலிப்பதிவுக்காரி அதை வெட்டவில்லை. பேச்சு போன அன்று கோடு எழுந்த இடம் அதுதான் என்று பிறகு காட்டினாள்.

பத்து நாளும் செய்திகள் வந்தபடி இருந்தன. "என் பொண்ணு உனக்காக உண்டியல் உடைச்சா" என்றார் ஒருவர். "நல்லா இருக்கீங்கல்ல, அது போதும், ஆனா எனக்கு இனி இந்த ஆப்பு வேண்டாம்" என்றார் இன்னொருவர். ஒரு பெண் மனைவிக்கு மட்டும் செய்தி விட்டிருந்தாள். அதை மனைவி உள்ளே எடுத்துப் போய்க் கேட்டாள், என்ன என்று சொல்லவில்லை. பதினோராம் நாள் காலை செயலாளரம்மா கம்ப்யூட்டரில் 'முடிந்தது' என்று ஏற்றினார்.

சம்மதம் அமுக்கியவர்கள் தொள்ளாயிரத்து இருபத்து நாலு. வைதுவிட்டு விலகியவர்கள் நூற்று அறுபத்தெட்டு. இரண்டும் செய்யாதவர்கள் இருநூற்று இருபத்தெட்டு. இருநூறில் இருபத்து மூன்று என்று பயந்தவர்களுக்கு இது பெரிய அறுவடை. ஆனால் தொள்ளாயிரத்துச் சொச்சத்தை நாற்பதால் வகுத்தால் வாரம் இருபத்து மூன்று முறைதான். பத்து குறைகிறது. பத்துப் பேருக்கு மூன்று இரண்டானது. யாருக்கு மூன்று என்பதை டாக்டர் முடிவு செய்தார். அது லாரி ஓட்டுநர் இல்லை.

அந்த இருநூற்று இருபத்தெட்டுப் பேர் யார் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அநேகமாக எல்லாரும் பட்டன் போன்காரர்கள். சம்மதம் கேட்டுப் போன செய்தி இணையத்தில் திறப்பது. அவர்கள் போனில் அது வெறும் எழுத்துக் குப்பையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. போனில் வாயால் சம்மதம் சொன்னால், பதிவு செய்து ஏற்றுக்கொள்வதாகச் செயலாளரம்மா ஒப்புக்கொண்டார். பேசவேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் அனுமதித்ததும் பட்டன்காரர் கடைக்குத் திரும்பினார். அலமாரியிலிருந்து வெளியே வந்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம். ஒரு கையில் ஜிப் அளப்பார், காதில் போன் இருக்கும். "நான்தாங்க, பட்டன்காரன். ஆமா, பொழச்சுக்கிட்டேன். இல்லீங்க, அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அதோட ஒரு விஷயம்." நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, அலமாரியிலிருந்து. பாதிப் பேர் இன்னும் அவர் சாகக் கிடப்பதாகவே நினைத்திருந்தார்கள். குரல் கேட்டதும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டுதான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

லாரி ஓட்டுநர் சில நாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். முகம் வீங்கியிருக்கும், காலில் செருப்பு நுழையாது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்பார்.

"சொன்னீங்கண்ணே."

"சும்மா ஞாபகப்படுத்தினேன். நீ பேசு, பேசு."

பஞ்சு மில் வாட்ச்மேனின் எண்ணைப் பட்டன்காரர் கடைசிவரை தள்ளிப்போட்டார். ஒரு வியாழக்கிழமை காலை, கடையில் கூட்டமில்லாத நேரம், அழைத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ரத்தச் சோதனை குடுத்துட்டேன்" என்றார் வாட்ச்மேன். "அரை நாள் சம்பளம் போச்சு. வீட்ல பெரிய சண்டை. என் பையன் ஒரு வாரம் பேசல."

"அந்தச் சோதனைக் காச நான்..."

"காசு கேக்கலீங்க. மாசாமாசம் பிடிக்கிறதப் பிடிச்சுக்கோங்க. அந்தப் பதினொரு பேர் எனக்கு ஒண்ணும் செய்யல. ஆனா மிஸ்டு கால் குடுத்தா பேச்சு வருதே, அத மட்டும் என் நம்பருக்கு நிறுத்திடுங்க. உங்க குரல் இனிமே வேண்டாம்."

"சரிங்க" என்றார் பட்டன்காரர். மேற்கொண்டு சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது. சம்மதம் பதிவாகிவிட்டதா என்று பார்த்தார். பதிவாகியிருந்தது. கடை வாசலில் ஒரு தையற்காரர் வந்து, கறுப்புச் சட்டைக்கு நாலு கண் பட்டன் இரண்டு டஜன் கேட்டார். எடுத்துக் கொடுத்தார். கூட எதையும் விற்கத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவரும் மனைவியும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். இருநூற்று இருபத்தெட்டில் நூற்று அறுபது பேர் சம்மதித்திருந்தார்கள். மற்றவர்களில் சிலர் மறுத்துவிட்டார்கள், சில எண் இப்போது வேறு யாரோ. கடை லாபத்திலிருந்து நாற்பது தோளுக்கு உண்டானதை மாதாமாதம் எடுத்து வைத்துவிடலாம் என்றாள் மனைவி. அவர் மறுக்கவில்லை, பேரமும் பேசவில்லை. பில் புத்தகத்தின் பின் அட்டையில் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்:

வாரத் தேவை, முப்பத்து மூன்று. சம்மதம் அமுக்கியவர்களால், இருபத்து மூன்று. போனில் பேசியதில், நான்கு. கடை, ஒன்று. பாக்கி, ஐந்து.